ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள்

விமான நிலையங்களில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன் என்று சொன்னால் நம்ம ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, "பைலட்டா சார்?" இல்லை என்றால், "அப்ப அந்த டவர்ல ஒக்காந்து பிளேனுக்கு வழி சொல்றவரா?" அதுவும் இல்லை என்றதும் முகத்தில் இருந்த ஆர்வம் பாதி வடிந்துவிடும். டவரில் இருப்பவரின் பேச்சு விமானியின் காதுக்குப் போய்ச் சேரவும், விமானியின் பதில் ஒழுங்காகத் திரும்பி வரவும் வேண்டிய கருவிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். ரேடியோ, ரேடார், டெலிபிரிண்டர், பேச்சைப் பதிவு செய்யும் டேப், இவற்றையெல்லாம் சேர்க்கும் கேபிள்கள். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "மேல போறவனுக்குக் கீழ இருக்கிறவன் இன்னாடா சொல்லப் போறான்? அவனுக்குத் தெரியாதா வழி?" என்பார்.

அம்மா கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. வழி விமானிக்குத் தெரியும்தான். அதே வழியில் எதிரே, மேலே, கீழே யார் வருகிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியாது. நிமிடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் போகிற ஒன்று எதிரே வந்தால், கண்ணால் பார்த்து விலக அவகாசம் சில விநாடிதான்.

விழுப்புரத்துக்காரர்களுக்கு இதை ரயிலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பாண்டிச்சேரிக்கும் காட்பாடிக்கும் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி போன நாட்களில், ஸ்டேஷனில் ஒருவர் பெரிய வளையத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தபடி வரும் எஞ்சினிலிருந்து கையை நீட்டி டிரைவர் பக்கத்து ஆள் அதை வாங்கிக்கொள்வார். வளையத்தில் தொங்கும் தோல் பையில் இரும்புப் பந்து ஒன்று இருக்கும். அதுதான் டோக்கன். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் மணி அடித்துப் பேசி ஒத்துக்கொண்டால்தான் பெட்டியிலிருந்து பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. பந்து கையில் இல்லாத டிரைவர் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. சிறுவயதில் அந்த வளையத்தை வாங்கும் லாகவத்தைப் பார்ப்பதற்காகவே பிளாட்பாரத்தில் நின்றவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பார்கள்.

வானத்திலும் கணக்கு ஏறக்குறைய அதேதான். இந்த உயரத்தில், இந்தப் பாதையில், இந்த நேரத்துக்கு ஒரு விமானம். ரேடார் இல்லாத காலத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை எழுதி, அதை ஒரு சட்டத்தில் வரிசையாக அடுக்கி, விமானிகள் சொல்லும் நேரத்தையும் உயரத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டே இடைவெளியைக் காப்பார்கள். ஆனால் இரண்டு பெரிய வித்தியாசங்கள் உண்டு. ரயிலைச் சிவப்பு விளக்கு போட்டு நிறுத்தலாம், விமானத்தை நிறுத்த முடியாது. டோக்கன் இரும்பு; கையில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமே வராது. வானத்தில் கொடுக்கப்படும் டோக்கன் வெறும் சொல். அந்தச் சொல் போய்ச் சேர்ந்ததா, சரியாகச் சேர்ந்ததா, கேட்டவர் அதன்படி நடந்தாரா, இது மூன்றும் உறுதியாக வேண்டும்.

மூன்றாவது தவறினால் என்ன ஆகும் என்பதை 1996 நவம்பர் 12 மாலை இந்தியா பார்த்தது. தில்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி. தில்லிக்கு இறங்கி வந்த கஜகஸ்தான் சரக்கு விமான ரகத்துக்கு 15,000 அடி. இருவருக்கும் சொல்லியாயிற்று. எதிரே போயிங் வருகிறது, இத்தனை மைல் என்றும் கஜகஸ்தான் விமானத்துக்குச் சொல்லியாயிற்று. அந்த விமானத்தில் தரையோடு பேசியவர் விமானி அல்ல, தனியாக ஒரு ரேடியோ இயக்குநர். அவர் வாய் சொன்ன உயரத்தில் விமானம் நிற்கவில்லை, கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேல் இரண்டும் மோதின. 349 பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக சவூதி போய்க்கொண்டிருந்த நம் நாட்டுத் தொழிலாளிகள் அதில் ஏராளம்.

அன்று தில்லியில் வேலை செய்துகொண்டிருந்தது பழைய முறை ரேடார். அது அலையை அனுப்பி எதிரொலியை வாங்கும். திரையில் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். அந்தப் புள்ளி 14,000 அடியிலா 15,000 அடியிலா என்று அதற்குத் தெரியாது. விமானத்தைக் கேள்வி கேட்டு, அதன் கருவி தானே உயரத்தைப் பதிலாக அனுப்பும் இரண்டாம் வகை ரேடார் தில்லிக்கு வந்திருந்தது, பயன்பாட்டுக்குத் திறக்கப்படவில்லை. ஆக அந்தக் கன்ட்ரோலருக்கு உயரம் என்பது காதில் விழுந்த ஒரு சொல் மட்டுமே. அந்தச் செய்தியை இரவு வானொலியில் கேட்டபோது எங்கள் பிரிவில் யாரும் யாரோடும் பேசவில்லை. விபத்துக்குப் பிறகுதான், விமானங்களே ஒன்றையொன்று எச்சரித்துக்கொள்ளும் கருவி நம் வான்வெளியில் கட்டாயமானது. ரேடார்களும் வேகமாக மாறின.

இனி சொல் போய்ச் சேருவது. இதுதான் என் வேலை.

விமானங்களும் தரையும் பேசிக்கொள்வது வி.எச்.எஃப். என்ற அலையில், 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. உங்கள் வீட்டு எஃப்.எம். ரேடியோ 108-இல் முடிகிறதே, அதற்குக் கொஞ்சம் மேலே. ஆனால் இது எஃப்.எம். இல்லை, பழைய ஏ.எம். முறை. பாட்டு கேட்க இவ்வளவு சுத்தமான எஃப்.எம். வந்த பிறகும் விமானத்தில் ஏன் கரகர ஏ.எம்.? எஃப்.எம்-மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான குரல் பலவீனமான குரலை முழுசாக விழுங்கிவிடும். இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாது. ஏ.எம்-மில் இரண்டும் மோதி 'கீ' என்று கத்தும். சொல் கேட்காது, ஆனால் யாரோ பேசினார்கள் என்பது தெரியும். அதுகூடச் சில நேரம் போதவில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், மூடுபனியில், ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்ற பொருளில் ஒரு விமானம் சொன்ன நேரத்தில் டவரும் பேசியது. கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தில் அந்த இடத்தில் பதிவானது பெரும்பாலும் கீச்சொலிதான்.

வி.எச்.எஃப். நேர்கோட்டில் போகும், பூமி வளைந்தால் கூடவே வளையாது. 35,000 அடியில் விழுப்புரத்துக்கு மேலே போகிற விமானத்துக்குச் சென்னையும் கேட்கும், திருச்சியும் கேட்கும், பெங்களூரும் கேட்கும். அதே இடத்தில் 2,000 அடியில் பறக்கிற சின்ன விமானத்துக்கு மீனம்பாக்கத்தின் குரல் எட்டுவது சந்தேகம். சில நாட்களில் மட்டும் கடல்மேல் காற்று அடுக்கடுக்காகச் சூடேறி, அலையைக் குழாய்க்குள் விட்டதுபோல் வெகுதூரம் கொண்டுபோய்விடும். 1982-இல் ரூபவாஹினி தொடங்கியதும் நம்ம கடலோரத்தில் மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, புள்ளியும் கோடுமாகச் சிங்கள நிகழ்ச்சி பார்த்தோமே, அது இந்தக் குழாயின் புண்ணியம். நமக்கு அது வேடிக்கை. ரேடியோ அறையில் இருப்பவனுக்கு, எங்கோ தூரத்து ஊரின் பேச்சு நம் அலைவரிசையில் வந்து குறுக்கே விழும் தலைவலி.

வங்கக்கடலில் கொஞ்ச தூரம் போனால் வி.எச்.எஃப்-பும் இல்லை, ரேடாரும் இல்லை. அங்கே சிற்றலைதான். இரவில் தூரத்து நிலையங்கள் ஏறி இறங்கி, அலை அடிப்பதுபோல் கேட்குமே, அதே சிற்றலை. இடி மின்னல் காலத்தில் ஒரு வாக்கியத்தை நான்கு தடவை சொல்லவேண்டும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு அந்தக் கடலில் மறைந்தது. பல வாரம் கப்பலும் விமானமும் தேடின. கடைசியில் 2024 ஜனவரியில்தான், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில், சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்கள் அடையாளம் காணப்பட்டன. ஏழரை வருடம் அந்தக் குடும்பங்கள் எப்படி இருந்திருக்கும் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். இப்போது கடல் தாண்டும் பயணிகள் விமானங்கள் செயற்கைக்கோள் வழியாகத் தாமே இருப்பிடத்தைச் சொல்கின்றன, எழுத்தாகச் செய்தியும் அனுப்புகின்றன. சிற்றலையைத் திட்டிக்கொண்டே காலம் தள்ளிய எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் என் வேலையில் என்னை அதிகம் பயமுறுத்தியது கடலும் இல்லை, மின்னலும் இல்லை. கடப்பாரை.

டவரில் இருப்பவர் மைக்கில் பேசுகிறார் என்றால் அந்தப் பெட்டியிலிருந்தே அலை கிளம்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய நிலையங்களில் அப்படி இல்லை. பேசும் டிரான்ஸ்மிட்டர்கள் ஓரிடம், கேட்கும் ரிசீவர்கள் வேறிடம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், காதருகே நாதஸ்வரம் வாசிக்கும்போது எதிர்வீட்டுக்காரர் கூப்பிடுவது கேட்காதே, அந்தக் கதைதான். அதனால் சில கிலோமீட்டர் தள்ளி வைத்து, தரைக்குள் புதைத்த கேபிளில் குரலைக் கொண்டுபோவார்கள். ஆகாயத்தில் 400 கிலோமீட்டர் போகிற குரல், முதல் நான்கு கிலோமீட்டரை மண்ணுக்குள் ஊர்ந்துதான் கடக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம். ஊர் பெயர் வேண்டாம். மாலை ஷிப்டில் இருந்தேன். ஏழரை மணி வாக்கில் டவரிலிருந்து இன்டர்காமில் கன்ட்ரோலர் கூப்பிட்டார். திருச்சிக்காரர், எப்போதும் கிண்டலாகப் பேசுகிறவர். அன்று குரலில் கிண்டல் இல்லை. "என் குரல் எனக்குக் கேட்கலை" என்றார். அங்கே இருந்த அமைப்பில், டிரான்ஸ்மிட்டரிலிருந்து வெளியே போன பேச்சு ரிசீவர் வழியாகத் திரும்பி அவர் காதில் விழும். தன் குரல் காதில் வந்தால் வெளியே போயிற்று என்று அர்த்தம். அது நின்றுபோயிருந்தது. விமானிகள் பேசுவது மட்டும் கணீரென்று கேட்டது. "கேட்கிறதா, கேட்கிறதா" என்று மூன்று விமானங்கள் மாறி மாறிக் கூப்பிடுகின்றன. எங்களுக்குக் காது இருக்கிறது, வாய் இல்லை.

மெயின் கேபிளின் மீட்டர் பூஜ்யம். மாற்றுக் கேபிளுக்குத் திருப்பினேன். அதுவும் பூஜ்யம். டிரான்ஸ்மிட்டர் நிலையத்தில் இருக்கும் ஆளைக் கேட்கலாம் என்று நேரடி டெலிபோனை எடுத்தால் அதுவும் செத்திருந்தது. மூன்றும் ஒரே நொடியில் சாகிறது என்றால் காரணம் பெட்டிக்குள் இல்லை, வெளியே.

இப்படி ஒரு நேரத்துக்கென்றே டவரில் ஒரு சின்ன செட் இருக்கும். தனி ஆன்டெனா மொட்டைமாடியில், மின்சாரம் பேட்டரியில், கேபிளோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. சக்தி குறைவு. வாரத்துக்கு ஒருமுறை அதன் பேட்டரியைச் சோதித்து ஏட்டில் கையெழுத்துப் போடுவோம். கன்ட்ரோலர் அதை எடுத்துப் பேசினார். அருகில் இருந்த விமானத்துக்குக் கேட்டது. தூரத்தில் இருந்த மற்ற இரண்டுக்கும் அந்த விமானியே செய்தியை வாங்கிச் சொன்னார்: நீங்கள் இந்த உயரத்தில் வட்டமடியுங்கள், நீங்கள் எனக்குப் பின்னால் இறங்குங்கள் என்று. மூன்றும் இறங்கும்வரை இருபத்தைந்து நிமிடம். டவரில் யாரும் உட்காரவில்லை.

நானும் ஒரு மெக்கானிக்கும் ஜீப்பில் கேபிள் போகிற வழியே டார்ச் அடித்துக்கொண்டு போனோம். தூறல். இரண்டு கிலோமீட்டர் தாண்டி சாலையோரம் புதிதாக ஒரு பள்ளம். தண்ணீர்க் குழாய் புதைக்கிற வேலை. தலையில் கோணிச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நாலைந்து பேர். "பழைய ஒயரு ஏதோ குறுக்கால கெடந்துச்சு சார்" என்றார் அவர்களில் பெரியவர், ஒரு குற்றமும் அறியாத முகத்தோடு. அவரைச் சொல்லி என்ன? மேலே ஒரு அடையாளக் கல்கூட இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மெயின் கேபிளும் மாற்றுக் கேபிளும் பக்கத்தில் பக்கத்தில், அண்ணன் தம்பி மாதிரி, ஒரே வெட்டில் விழுந்து கிடந்தன. டெலிபோன் ஜோடி மெயின் கேபிளுக்குள்ளேயே போகிறது.

ஜாயிண்டர் வந்து சேர ஒன்பதரை ஆயிற்று. ஈயக் கவசமும் உள்ளே காகிதச் சுற்றும் உள்ள கேபிள் அது. காகிதத்தில் ஒரு துளி ஈரம் ஏறினாலும் போச்சு. அவர் பள்ளத்துக்கு மேலே தார்ப்பாயைக் கட்டி, மெழுகைக் கொதிக்கக் காய்ச்சி ஊற்றி ஈரத்தை விரட்டி, ஒவ்வொரு ஜோடியாகப் பிடித்து முறுக்கினார். நான் நிறத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க, அவர் கை நிற்கவில்லை. விடியற்காலை நாலரைக்கு ஜீப்பிலிருந்த கையடக்க ரிசீவரில் டவரின் குரல் கேட்டது. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "எந்த பிளேன் சார் லேட்டாயிடுச்சு?" என்றார். எதுவும் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு சார் இவ்ளோ அவசரம்?" என்று சிரித்தார்.

வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்தால் இரண்டு தனித்தனிக் கோடுகள் இருக்கும். மெயின், மாற்று. காகிதத்தில் இரண்டு, பூமியில் ஒன்று. கேபிள் போடுகிறவருக்குப் பள்ளம் தோண்டுவதுதான் செலவு. தோண்டிய பள்ளத்திலேயே இரண்டாவதையும் போட்டால் காசு மிச்சம் என்று தோன்றுவது இயல்புதான். அன்றைக்குப் பிறகு நான் போன ஒவ்வொரு ஊரிலும் முதல் வாரத்தில் கேட்கிற கேள்வி ஒன்றே: மாற்று வழி எந்தப் பக்கமாகப் போகிறது? பல இடங்களில் அதற்கு ஒரு நீண்ட மௌனம்தான் பதில். பின்னால் ரேடியோ லிங்க், ஆப்டிகல் ஃபைபர் எல்லாம் வந்தன. கேள்வி மட்டும் மாறவில்லை.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். 2002 ஜூலை 1 இரவு, சுவிட்சர்லாந்தின் ஜூரிக் கட்டுப்பாட்டு மையம். பராமரிப்பு வேலைக்காக மெயின் டெலிபோனை நிறுத்தியிருந்தார்கள். மாற்று டெலிபோனில் ஒரு கோளாறு. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ மையத்தில் இருந்த கன்ட்ரோலரின் திரையில் இரண்டு விமானங்கள் மோதப்போகின்றன என்று எச்சரிக்கை வந்துவிட்டது. அவர் ஜூரிக்குக்கு மறுபடி மறுபடி போன் செய்தார். இணைப்பே கிடைக்கவில்லை. ஜூரிக்கில் ஒற்றை ஆள் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே 71 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் பிள்ளைகள். விமானத்தின் எச்சரிக்கைக் கருவி ஏறு என்றது, கன்ட்ரோலர் இறங்கு என்றார், விமானி இறங்கினார் என்பதைத்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அந்த அறிக்கையில் தூக்கம் கெடுத்தது டெலிபோன் பகுதி.

2025 நவம்பர் முதல் வாரத்தில் தில்லியில் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமானதை நீங்கள் டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். ரேடாரோ ரேடியோவோ பழுதாகவில்லை. விமானங்களின் பயணத் திட்டச் செய்திகளைப் பிரித்து அனுப்புகிற கணினிதான் நின்றது. கையால் எழுதிச் சமாளித்தார்கள். எங்கள் காலத்தில் அந்த வேலையை டெலிபிரிண்டர்களும் ஓட்டை போட்ட காகித நாடாக்களும் செய்தன. வந்த நாடாவைக் கிழித்து, ஓடிப்போய் அடுத்த மெஷினில் மாட்டவேண்டும். தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும். மெதுவானதுதான். ஆனால் ஒரு மெஷின் நின்றால் ஒரு மெஷின்தான் நின்றது.

நம்ம ஊருக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி வண்டிகள் நின்றன. அரசூர் பக்கம் நெடுஞ்சாலையிலும் வெள்ளம். ரயில் போனால் பஸ், பஸ் போனால் ரயில் என்று வாழ்ந்த நமக்கு இரண்டும் ஒன்றாகப் போயின.

மயிலம் பக்கத்துக் கிராமத்தில் என் அக்கா தனியாக இருக்கிறார். எண்பத்தொன்று. என் போனும் செத்துவிட்டது, அவர் போனும் செத்துவிட்டது. "மாமா, என்கிட்ட ரெண்டு சிம் இருக்கு, ரெண்டும் வேற வேற கம்பெனி, கவலப்படாதீங்க" என்றார் மருமகன். இரண்டிலும் சிக்னல் இல்லை. மூன்றாம் நாள் காலை அக்காவின் பேரன் தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டு திண்டிவனம் வந்து, அங்கிருந்து கூப்பிட்டு, "ஆயா நல்லா இருக்குது, வூட்டுக்குள்ள தண்ணி முழங்கால் வரைக்கும் வந்து வடிஞ்சிடுச்சு" என்று சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மழை விட்ட பிறகு மருமகனைக் கூட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனேன். காலிமனையில் ஒரே ஒரு டவர். அதில் இரண்டு கம்பெனி ஆன்டெனாவும், ஒன்றுக்கு மேல் ஒன்று. கீழே ஒரே ஜெனரேட்டர், டீசல் தீர்ந்து நின்றது. "ஒரே பள்ளம், மாப்பிள்ளை" என்றேன். அவருக்கு அந்தப் பழைய கதையை டீக்கடையில் உட்கார்ந்து முழுசாகச் சொல்லவேண்டியதாயிற்று.

இப்போது ஒரு சிம்மை மாற்றிவிட்டார். புதிய கம்பெனியின் டவர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம். அங்கே ஜெனரேட்டர் யாருடையது, டீசல் யார் ஊற்றுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை சரியாகப் பதில் சொல்கிற ஆள் அகப்படவில்லை.